உமியைச் சலித்த ஆறு வாரம்

விலங்குக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். கூண்டு கழுவுவது, தண்ணீர்ப் புட்டி மாற்றுவது, எடை போடுவது எல்லாம் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். அதையெல்லாம் நான் எழுதவில்லை. இங்கே ஆராய்ச்சி நடத்துகிற மேடம் வேறொன்றை எழுதித் தரச் சொன்னார். எட்டாவது வரைதான் படித்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

செஞ்சியில் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் நான். ஊருக்கு வெளியே மருந்தியல் கல்லூரி வந்தது. எலிக்கு ஆள் வேண்டும் என்றார்கள். ஆலையில் எலி அடித்துப் பழக்கம் உண்டு. அந்த தைரியத்தில் போனேன். அடிக்க அல்ல, வளர்க்க என்றார்கள். சரி என்றேன்.

முதல் வாரமே கடி வாங்கினேன். கட்டை விரலில். அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்தேன். கடிக்கும் முன் அந்த எலி காதைப் பின்னால் மடித்தது. மூலைக்குப் போய் உடம்பைக் குறுக்கியது. பல்லைக் கடகடவென்று தட்டியது. மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் கடித்தது. கேட்காதது நான்தான். எலிக்குச் சத்தம் குறைவு. அதன் சேதி எல்லாம் உடம்பில்தான் இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டு இருபது வருடம் கழித்தும் ஒரு தடவை கேட்காமல் விட்டேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

புற்றுநோய்க்குப் போடும் ஊசிகளில் சில, கட்டியைக் கொல்லும்போது கை கால் நரம்பையும் சேர்த்துக் கெடுக்கும். தொட்டால் தெரிகிறதே, சுட்டால் தெரிகிறதே, அந்த நரம்பு. விரல் நுனியில் தொடங்கி மேலே ஏறும். மரத்துப் போகும். நம் உடம்பிலேயே நரம்பை வளர்த்துக் காக்கிற ஒரு பொருள் ஊறுகிறது. நரம்பு வளர்ச்சிக் காரணி என்பார்கள். அதை வெளியிலிருந்தும் கொடுத்தால் அந்த ஊசியின் விஷத்துக்கு நரம்பு தாக்குப்பிடிக்குமா? இதுதான் மேடம் எடுத்துக்கொண்ட கேள்வி. மூன்று வருடம் அதற்காகவே ஓடினார்.

எலிகளை மூன்று கூட்டமாகப் பிரித்தோம்: ஒன்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர், ஒன்றுக்கு அந்த ஊசி மட்டும், ஒன்றுக்கு ஊசியோடு வளர்ச்சிக் காரணியும். வாலில் மையால் ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று கோடு. எந்தக் கோட்டுக்கு எந்த ஊசி என்று எனக்குத் தெரியாது. மேடத்துக்கும் தெரியாது. மருந்து கலந்து, புட்டியில் கோடு போட்டுத் தருபவர் வேறொரு பேராசிரியர். விவரம் அவர் மேசைக்குள் ஒட்டிய உறையில் இருந்தது. ஏன் இப்படி என்று நீங்களும் கேட்பீர்கள். தெரிந்தால் கை சாயும். நல்லது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற விரல், சோதனையில் நேரம் அளக்கிற கடிகாரத்தைக் கொஞ்சம் முன்னாலேயே அமுக்கிவிடும்.

மேடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"அண்ணா, நாள் முழுக்க எலிங்களோட இருக்கிறது நீங்க. எது எதுன்னு உங்களுக்கு ஒரு நாள் புரிஞ்சிடும். புரிஞ்சாலும் என்கிட்ட வாயத் தொறக்கக் கூடாது."

"சரிங்க மேடம்."

மேடம் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு சம்பவம். ஒரு புயல் காற்றில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. அந்த வளர்ச்சிக் காரணி கடுகளவுதான் வரும். குளிர் விட்டால் கெட்டுவிடும். கடல் தாண்டி வருகிற பொருள். மறுபடி வாங்க மாதக் கணக்கில் ஆகும். நான் சைக்கிளில் செஞ்சி மீன் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு சாக்கு ஐஸ் கட்டியைக் கொண்டுவந்து குளிர்ப்பெட்டிக்குள் அடைத்தேன். சட்டையெல்லாம் மீன் வாடை. மேடம் வந்து பெட்டியைத் திறந்து தொட்டுப் பார்த்தார். நன்றி சொன்னார். பிறகு புட்டியை எடுத்துக் குப்பையில் போட்டார்.

"மேடம், ஐஸ் இன்னும் கரையலீங்களே."

"நீங்க வர்றதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் சூடாச்சுன்னு தெரியாதேண்ணா. கெட்டிருந்தா எலி சொல்லாது. நாமளும் நல்லா இருக்குதுன்னு நெனச்சிக்குவோம்."

சந்தேகம் வந்தால் மேடம் தூக்கிப் போட்டுவிடுவார். அது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பின்னால் தயங்கினேன்.

அந்த வருடம் எங்கள் வீட்டிலும் அதே ஊசி நடந்திருந்தது. என் மனைவி ஆரோக்கியத்துக்கு மார்பில் கட்டி. பாண்டியில் எடுத்தார்கள். பிறகு ஊசி. நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். காலும் கூடவே போய்விட்டது.

ஒரு நாள் பாண்டி போய்த் திரும்பி செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். நல்ல வெயில். தார் இளகிக் கிடந்தது. நான் முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தேன்.

"செருப்பு எங்கமே?"

"கால்லதான் இருக்குது."

"ஒண்ணுதான் இருக்குது. இன்னொண்ணு?"

குனிந்து பார்த்தாள். ஒரு காலில் செருப்பு. ஒரு கால் வெறுங்கால். பஸ்ஸிலேயே கழன்றிருக்கிறது. பஸ் போய்விட்டது.

"நான் ரெண்டும் போட்டுக்கினுதான் நடக்கிறேன்னு நெனச்சேன்யா," என்றாள். சிரித்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். சுட்டதே தெரியவில்லை அவளுக்கு.

ஆரோக்கியம் நடவுக் கூட்டத்துக்கு முன்னே நிற்பவள். வல்லம் பக்கம் யார் கழனியில் நடவு என்றாலும் முதலில் அவளுக்குத்தான் சொல்லிவிடுவார்கள். அவள் போகிற வேகத்துக்குத்தான் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். ஊசிக்குப் பிறகு ஒரே ஒரு நாள் போனாள். பாதியில் கரையேறிவிட்டாள்.

"இன்னாமே, முடியிலியா?"

"முடியாம இன்னா? சேத்துல கால் எங்க இருக்குதுன்னே தெரியில. தரையில நடந்தா கண்ணால பாத்துப் பாத்து வெக்கிறேன். சேத்துக்குள்ள எங்கய்யா பாக்கறது?"

அதற்குப் பிறகு அவள் கழனிக்குப் போகவில்லை. வீட்டிலும் சும்மா உட்காரவில்லை. ஆனால் நடவு சீசனில் ஆட்கள் போகிற சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்.

"உன் எலிக்கும் எனக்கும் ஒரே ஊசியாயா?"

"ஒரே ஊசிதான்."

"அப்ப நாங்கள்லாம் ஒரு வகையில சொந்தம்." கொஞ்சம் பொறுத்து, "அந்த நரம்பு வளக்கற மருந்து சரியா வந்துச்சின்னா எனக்கும் குடுப்பாங்களா?"

"எலிக்கே இன்னும் தெரியில."

"தெரிஞ்சா சொல்லு."

அந்த மருந்து ஊசியோடு சேர்த்துக் கொடுத்து நரம்பைக் காப்பதற்கு. போன நரம்பைத் திருப்பித் தருமா என்று யாருக்கும் தெரியாது. அது நிச்சயமில்லை என்பது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

சோதனை எளிது. லேசாகச் சூடான தட்டு. அதன்மேல் எலியை வைக்க வேண்டும். சுட்டதும் பின்னங்காலைத் தூக்கி நக்கும். அந்த நொடியில் கடிகாரத்தை அமுக்கி எலியை எடுத்துவிட வேண்டும். தூக்காவிட்டாலும் ஓர் அளவுக்கு மேல் விடக் கூடாது, கால் வெந்துவிடும். எலியை நான் வைப்பேன். நேரத்தை மேடம் பார்ப்பார்.

வாரம் போகப் போக இரண்டு கோட்டு எலிகள் தாமதமாகத் தூக்கின. சில தூக்கவே இல்லை. பார்த்ததும் எனக்கு பஸ் ஸ்டாண்ட் தார் ரோடு ஞாபகம் வந்தது. மூன்று கோட்டு எலிகள் டக்கென்று தூக்கின. ஒன்றுமே செய்யாத நல்ல எலியைப் போல, சில நாள் அதற்கும் முன்னால்.

எது எதுவென்று எனக்குப் புரிந்துவிட்டது. மேடம் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் புரிந்ததாகத்தான் தெரிந்தது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மேடம் மெல்லப் பாடிக்கொண்டே எழுதினார். அதுவரை அவர் பாடி நான் கேட்டதில்லை.

அன்று வீட்டில் சொன்னேன். "மூணு கோட்டு எலிக்குக் கால் மரத்துப் போவலமே."

ஆரோக்கியம் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அப்ப சரி," என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு மீன் குழம்பு வைத்தாள்.

இந்த நேரத்தில்தான் நான் சல்லடையைக் கையில் எடுத்தேன்.

கூண்டுக்குள் நெல் உமி பரப்புகிறோம். ஆவியில் வேகவைத்துக் காயவைத்த உமிதான் என்றாலும் முனை கொஞ்சம் குத்தும். மற்ற எலிகள் அதைக் கண்டுகொள்வதில்லை. மூன்று கோட்டு எலிகள் மட்டும் அதில் கால் வைக்க யோசிப்பது போல எனக்குப் பட்டது. ஒரு காலை வைக்கும், எடுக்கும். உணர்ச்சி பிழைத்த கால் அல்லவா, பச்சைப் பிள்ளை கால் மாதிரி மென்மையாக இருக்கும் என்று நினைத்தேன். ஆரோக்கியத்தின் சல்லடையைக் கொண்டுவந்தேன். உமியைச் சாக்கில் போட்டுத் தேய்த்து, குத்துகிறதைக் கழித்து, தூசியைத் தட்டி, மெத்தென்று இருந்ததை மட்டும் அந்தக் கூண்டுகளில் போட்டேன். எலிகள் நடந்தன. எனக்குத் திருப்தி.

தூக்கும்போதும் அப்படியே. மற்ற எலிகளைத் தோளோடு பிடித்துத் தூக்குவேன். மூன்று கோட்டு எலிகள் அப்படித் தூக்கினால், கால் கூண்டில் உரசியதும் கீச்சென்று கத்தின. அதனால் இரண்டு கையையும் கிண்ணம் மாதிரி வைத்து, வயிற்றுக்கடியில் கொடுத்து, கால் எதிலும் படாமல் தூக்கப் பழகினேன். பிறகு கத்தவில்லை.

என்னோடு வேலை பார்த்தவன் ஏகாம்பரம். அனந்தபுரத்துக்காரன். உறவு கிடையாது, ஆனாலும் என்னை மாமா என்பான். வாய் சும்மா இருக்காது.

"இன்னா மாமா, சலிச்சிக் கொட்டற? எலிக்குப் பொண்ணு பாக்க வராங்களா?"

"கால் குத்துது அதுக்கு."

"எங்கூட்டுக்காரி எனக்கு இப்பிடி ஒரு நாள் பாய் தட்டிப் போட்டதில்ல. எலியாப் பொறந்திருக்கலாம்."

"உன்னயப் பாத்துக்கற அளவுக்கு எனக்குப் பொறும இல்ல."

இதை நான் ஒளித்துச் செய்யவில்லை. மேடத்திடம் சொல்லவும் இல்லை. உமிதானே என்று விட்டேன். மேடம் வாரம் ஒரு தடவை கூண்டு கூண்டாகக் குனிந்து பார்ப்பார். எலி நடமாட்டம் நன்று என்று எழுதுவார். ஆறு வாரம் எழுதினார்.

பிறகு ஒரு நாள் நான் லீவு. ஆரோக்கியத்தைப் பாண்டிக்குச் சோதனைக்குக் கூட்டிப் போனேன். கூண்டுக்கு உமி மாற்றும் நாள் அது. ஏகாம்பரத்திடம் சொல்லிவிட்டுப் போனேன்.

திரும்பும்போது பஸ்ஸில் எங்களுக்கு முன் இருக்கையில் ஒரு பெண் மொட்டைத் தலையில் துணி கட்டியிருந்தாள். அவளுக்கும் அதே ஊசி நடக்கிறது. காலைச் சீட்டின் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். கண்டக்டர் முறைத்தார்.

ஆரோக்கியம் என்னிடம் சொன்னாள். "அதுக்கு எரியுது. எனக்கும் மொதல்ல ரெண்டு மாசம் அப்பிடித்தான். மரத்துப் போறதுக்கு முன்னால."

"நீ சொல்லவே இல்லியே."

"நீ கேக்கலியே. அப்ப போர்வ பட்டா ஆவாது. பாவாட நுனி பட்டா ஆவாது. எறும்பு நடந்தா ஊசி ஏத்தற மாதிரி இருக்கும். வெறும் சிமெண்டு தரையில படுத்துக்குவேன். நீகூட ஏன்மே பாய வுட்டுட்டுத் தரையில படுக்கறேன்னு திட்டுன."

திட்டியது ஞாபகம் வந்தது.

மறுநாள் காலையில் வேலைக்குப் போனேன். அன்று பதினோரு மணிக்கு நிபுணர் குழு வருகிறது. சென்னையிலிருந்து மூன்று பேர். மேடத்தின் வேலை தொடருமா, நிற்குமா, அடுத்த கட்டமாக மனிதர்கள் பக்கம் போகத் தகுமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏகாம்பரம் வாசலிலேயே நின்றான்.

"மாமா, உன் செல்லப் புள்ளைங்கள வந்து பாரு. நேத்து நான் சாதா உமி போட்டேன். எவ்ளோ கொழுப்பு பாரு அதுங்களுக்கு."

மூன்று கோட்டுக் கூண்டுகள் எல்லாவற்றிலும் ஒரே காட்சி. உமி முழுவதையும் மூக்கால் தள்ளி ஒரு மூலையில் குவித்திருந்தன. மற்ற இடம் வெறும் வழவழப்பான பிளாஸ்டிக் தரை. அதில் வயிறு படிய, காலை ஒதுக்கி, ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்திருந்தன. மற்ற கூண்டுகளில் அதே உமியில் மற்ற எலிகள் புரண்டு விளையாடின.

பஞ்சை எடுத்து ஓர் எலியின் பின்னங்காலைத் தொட்டேன். துள்ளிக் கத்தியது. பஞ்சு அது. இன்னொன்றைத் தொட்டேன். அதுவும் கத்தியது.

சிமெண்டுத் தரையில் படுத்த ஆரோக்கியம் கண்ணுக்கு முன் வந்தாள்.

மரத்துப் போகவில்லை, உண்மை. ஆனால் அது பச்சைப் பிள்ளைக் கால் இல்லை. எரிகிற கால். தட்டில் வைத்ததும் டக்கென்று தூக்கியதும் அதனால்தான். எரிகிறதை நான் சலித்த உமியும் என் கைக் கிண்ணமும் ஆறு வாரமாக மூடி வைத்திருந்தன.

ஏகாம்பரம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினான்.

"இன்னாத்துக்கு மாமா டென்சன்? சல்லட அங்கதான் இருக்குது. நான் தேய்க்கிறேன், நீ சலி. அர மணி நேரத்துல மாத்திப் போட்டுடலாம். வரவங்க பாத்துட்டுப் போவட்டும். மேடமும் சந்தோசமா இருப்பாங்கோ, நம்ம வேலையும் ஓடும்."

அவன் கெட்டவன் இல்லை. மேடத்துக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் சொன்னான். எனக்கும் அந்த ஆசை இருந்தது. மேடத்துக்காக மட்டும் இல்லை. இது நின்றால் ஆரோக்கியத்திடம் என்ன சொல்வது? சல்லடையைக் கையில் எடுத்துவிட்டேன். அதையும் எழுதுகிறேன்.

இன்னொரு பக்கம் மேடத்தின் உத்தரவு. எது எதுவென்று வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் மூன்று வருடச் சோதனையும் கெட்டது என்று அவரே சொல்லிவிடலாம்.

மேடம் வாயை மூடச் சொன்னது எதற்கு? அவர் கை சாயக் கூடாது என்பதற்கு. எலிக்கு வலித்தால் மறைக்கச் சொல்லவில்லையே. சட்டம் போட்டவர் எதற்காகப் போட்டார் என்று பார்த்தேன். சல்லடையைக் கீழே வைத்தேன்.

"உமியத் தொடாத ஏகாம்பரம். கூண்டு அப்பிடியே இருக்கட்டும்."

"மாமா, வேல பூடும்."

"போனா மறுபடி மூட்ட தூக்கறேன்."

மேடம் அறையில் பட்டுப் புடவையில் இருந்தார். காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சிரித்தார்.

"வாங்கண்ணா. கூண்டெல்லாம் சுத்தமா?"

"மேடம், மூணு கோட்டு எலிய நீங்க இப்ப வந்து பாக்கணும்."

சிரிப்பு போய்விட்டது. "அண்ணா. நான் என்ன சொல்லியிருக்கேன்? எது எதுன்னு பேசக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? அதுவும் இன்னிக்கு!"

"எதுன்னு நான் சொல்லலீங்க மேடம். வலிக்குதுன்னு சொல்றேன்."

என்னையே பார்த்தார். பிறகு எழுந்து வந்தார்.

கூண்டு கூண்டாகப் பார்த்தார். மெல்லிய நைலான் இழை ஒன்று வைத்திருப்பார், தொடு உணர்ச்சி பார்க்க; சூடு மட்டும் பார்த்த இந்தச் சோதனையில் அதுவரை அதை எடுத்ததில்லை. அதை எடுத்து ஓர் எலியின் காலைத் தொட்டார். இழை வளையக்கூட இல்லை, எலி துள்ளியது. நான்கு எலி பார்த்தார். பிறகு ஒரு கோட்டு எலிகளைத் தொட்டார். அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நான் வாரா வாரம் பாத்தேனே அண்ணா. நல்லா நடந்துச்சே."

"நான் உமியச் சலிச்சிப் போட்டேன் மேடம். இதுங்களுக்கு மட்டும். குத்துதுன்னு நெனச்சி. தூக்கறதும் கால் படாமத் தூக்கினேன்."

"எவ்வளவு நாளா?"

"ஆறு வாரம்."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். பட்டுப் புடவையில் உமி ஒட்டியது. ரொம்ப நேரம் தட்டிவிடவில்லை.

"ஆறு வாரமா நான் எலியப் பாக்கல. உங்க சல்லடையப் பாத்திருக்கேன்."

அந்தப் பேச்சு எனக்கு உறைத்தது. இன்றும் உறைக்கிறது. அதில் கோபம்கூட இல்லை. கணக்குச் சரியாக வந்தவுடன் சொல்வார்களே, அப்படிச் சொன்னார்.

வெளியே கார் வந்து நின்றது.

மேடம் நினைத்திருந்தால் கூட்ட அறையிலேயே குழுவை உட்காரவைத்து, நொடிக் கணக்கு வரைபடங்களைக் காட்டி அனுப்பியிருக்கலாம். படங்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. மேடம் அவர்களை நேராக இங்கே கூட்டி வந்தார். "முதல்ல இதைப் பாருங்க. அப்புறம் படங்களப் பாக்கலாம்," என்றார்.

குழுவில் ஒருவர் வயதானவர். உமிக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பினார்.

"நீதான் இதுங்களப் பாத்துக்கிறதா? ஏன்பா சலிச்ச?"

"பாவம்னு சலிச்சன் சார்."

"பாவம்னு தோணுச்சில்ல? அன்னிக்கே அத ஏன் நோட்டுல எழுதல?"

எங்கள் நோட்டில் எடை எழுத இடம் இருந்தது. தீனி, தண்ணீர் எழுத இடம் இருந்தது. பாவம் எழுத இடம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருப்பேனா, தெரியாது.

உறையைப் பிரித்தார்கள். நான் நினைத்ததுதான். மூன்று கோடு என்பது ஊசியோடு வளர்ச்சிக் காரணியும் பெற்ற எலிகள். உணர்ச்சியைக் காத்தது, கூடவே வலியையும் வளர்த்தது, இந்த அளவில் இந்த மருந்தை மேலே கொண்டுபோகக் கூடாது என்று எழுதினார்கள். வேலையை நிறுத்தவில்லை. அளவைக் குறைத்து, வலியையும் சேர்த்து அளந்து, முதலிலிருந்து தொடங்கச் சொன்னார்கள். மூன்று கோட்டு எலிகளை அன்றே வலியில்லாமல் தூங்க வைத்தோம். ஒவ்வொன்றையும் நான்தான் தூக்கிக் கொடுத்தேன். கிண்ணம் மாதிரி கை வைத்துத்தான் தூக்கினேன்.

மேடம் நான்கு நாள் என்னிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் புது நோட்டு ஒன்றை என் முன் வைத்தார். கடைசியில் ஒரு கட்டம் கூடியிருந்தது. மேலே, அண்ணன் பார்த்தது என்று எழுதியிருந்தார். அந்தக் கட்டம் இப்போது உங்கள் நோட்டிலும் இருக்கிறது. பெயர் மட்டும், பராமரிப்பவர் பார்த்தது என்று மாறியிருக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள். பாவமாக இருந்தது என்றாலும் எழுதுங்கள். எலிக்கு ஏதாவது மாற்றிப் போட்டால், எதற்காகப் போட்டீர்கள் என்று எழுதிவிட்டுப் போடுங்கள். வலியைக் கண்டால் குறையுங்கள், அது நம் கடமை. ஆனால் பார்க்க வேண்டியவருக்குச் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

ஏகாம்பரம் கொஞ்ச நாள் என்னைச் சல்லட மாமா என்று கூப்பிட்டான். பிறகு அவனே விட்டுவிட்டான். ஆனால் அவன் கட்டம்தான் எப்போதும் நிறைந்திருக்கும். எழுத்துப் பிழை நிறைய இருக்கும், மேடம் ஒன்றும் சொல்ல மாட்டார்.

அளவு குறைத்துச் செய்ததில் சில எலிகளுக்குக் கால் பிழைத்தது, வலி குறைவு. சிலவற்றுக்கு உணர்ச்சியே பிழைக்கவில்லை. மேடம் இரண்டையும் எழுதினார். இன்னும் அதில்தான் இருக்கிறார். உங்களில் யாராவது அதன் முடிவைப் பார்ப்பீர்கள்.

அன்று, குழு வந்துபோன அன்று, வீட்டுக்குப் போனதும் ஆரோக்கியம் கேட்கவில்லை. தெரிஞ்சா சொல்லு என்று அவள் கேட்டிருந்தாள். நானே சொன்னேன்.

"அந்த மருந்து ஆவாதுமே. மரத்துப் போவாம வெக்கிது. ஆனா எரிய வெக்கிது. தரையில படுத்துக்கினு இருந்துச்சிங்க, உன்ன மாதிரி."

"உமியத் தள்ளிட்டுதுங்களா?"

"ஆமா."

"நீ சொல்லிட்டியா அந்தம்மாகிட்ட?"

"சொல்லிட்டன்."

"நல்ல வேள," என்றாள். "எனக்கு ரெண்டு மாசம். அது போதும். வேற யாருக்கும் ஊசி போட்டு அத வர வெக்க வாணாம்."

பிறகு அவளிடம் மறைத்ததையும் சொன்னேன். அந்த மருந்து சரியாக வந்திருந்தாலும் அவளுக்கு உதவியிருக்குமா தெரியாது என்று.

"அது எனக்குத் தெரியும்யா. அந்த பாண்டி டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு. தானா வந்தா வரும்னாரு. நீதான் ஆசயாச் சொல்லிக்கினு இருந்த, கெடுப்பானேன்னு இருந்தேன்."

இரண்டு வருடம் ஆனது. நான் ஓய்வு பெற இன்னும் சில மாதம் இருந்தது. வல்லத்தில் ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு ஏரிக்கரை வழியாக நடந்து வந்தோம். ஆரோக்கியம் வழக்கம்போல் காலைப் பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டு பின்னால் வந்தாள். திடீரென்று நின்றாள். செருப்பைக் கழற்றினாள். வெறுங்காலை ஜல்லியின் மேல் வைத்தாள்.

"இன்னாமே?"

"கல்லு குத்துது."

எனக்கு பயம்தான் முதலில் வந்தது.

"எரியுதா, குத்துதா? நல்லா பாத்துச் சொல்லு."

யோசித்தாள். காலை எடுத்தாள், வைத்தாள்.

"கல்லு இருக்கற எடத்துல மட்டும் குத்துது. கால எடுத்தா வுட்டுடுது."

"இந்தக் கல்லுல வை."

வைத்தாள்.

"இப்ப மண்ணுல வை."

வைத்தாள். "இங்க ஒண்ணும் இல்ல. ஜில்லுன்னு இருக்குது."

"மறுபடி கல்லுல."

"போதும்யா," என்றாள். "நான் இன்னா, உன் எலியா?"

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். காலைப் பார்க்கவில்லை.